உருகும் ஈயமும் ஒட்டும் தூசியும்

இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, வேதியியல்

"ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை" என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. பித்தளை இளிக்கட்டும், சிவகாசி வட்டாரத்தில் பிறந்த நாம் ஈயத்தை ஏளனமாக எண்ண முடியாது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் நம் முத்தொழில்களுள் அச்சுத்தொழில் நெடுங்காலம் ஈயத்தின் மேல்தான் நின்றது. என் தாத்தா ஓர் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக வேலை பார்த்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆளாகிய நான், அவர் கையாண்ட உலோகத்தைப் பற்றியே எழுத வாய்த்தமைக்கு மகிழ்கிறேன்.

இரண்டு ஈயங்கள்

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பாத்திரத்திற்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். அதன் அணு எண் 50; உருகுநிலை 232 டிகிரி செல்சியஸ். அச்செழுத்திலும் பாட்டரியிலும் துப்பாக்கிக் குண்டிலும் உள்ளது காரீயம். அதன் அணு எண் 82. உருகுநிலை 327 டிகிரி. முன்னது சமையலுக்கு உதவும், பின்னது நஞ்சு. இரண்டையும் ஒன்றென எண்ணுவதே முதல் ஆபத்து.

தனிக் காரீயம் மென்மையானது. நகத்தால் கீறினாலும் கோடு விழும். ஆகவே அச்செழுத்துக்கு அத்துடன் ஆண்டிமனியும் வெள்ளீயமும் சேர்த்தனர். நூற்றுக்கு 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆண்டிமனி, 4 பங்கு வெள்ளீயம் கொண்ட கலவை ஏறத்தாழ 240 டிகிரியிலேயே உருகிவிடும். தேய்ந்த எழுத்தை உருக்கி மீண்டும் புது எழுத்தாக வார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடி அச்சுக்கூடத்தார், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டிகளின் ஈய உறைகளை உருக்கித் தமிழ் எழுத்து வார்த்தனர் என்று அச்சு வரலாறு கூறுகிறது. பழைய ஈயத்தை உருக்குவது நமக்குப் புதிதன்று!

ஆப்செட் அச்சு வந்தபின் எழுத்துகள் எடைக்கு எடை பழைய இரும்புக் கடைக்குப் போயின. அவற்றை உருக்குவதும், மீன் வலைக்குக் குண்டு வார்ப்பதும், மேலை நாடுகளில் துப்பாக்கி சுடும் பயிற்சிக் களங்களின் மண்ணைச் சலித்துக் குண்டுகளை உருக்குவதும் ஒரே வேலைதான்.

உருக்கும்போது

கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, ஈரம். உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு துளி நீர் அகப்பட்டால் அது ஏறத்தாழ 1,700 மடங்கு பருமனுள்ள நீராவியாகி, ஈயத்தை முகத்தில் வாரி இறைக்கும். எனவே துண்டுகளும் கரண்டியும் அச்சும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வெப்பம். உருகினால் போதும், கொதிக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 500 டிகிரிக்கு மேல் ஈயப் புகை கண்ணுக்குத் தெரியாமலே மிகுதியாக எழும். நம் ஆய்வகப் பாதரச வெப்பமானி 360 டிகிரி வரையே காட்டும். இவ்வேலைக்குத் தெர்மோகப்பிள் வேண்டும். புகையை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பும் வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு ஈயப் புகையைத் தடுக்காது.

மூன்றாவது, கசடு. மேலே படியும் சாம்பல் நிறப் பொடி ஈய ஆக்சைடு. அதை வழித்து மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட வேண்டும், மண்ணில் கொட்டலாகாது. அமிலம் தோய்ந்த பாட்டரித் தட்டுகளையோ சிறு உலையில் உருக்கவே கூடாது. 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அவை பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்கே சேர வேண்டியவை.

ஆறிய பிறகு

உருகிய ஈயம் சுடும் என்பதை எவரும் அறிவர். ஆறிய தூசியைத்தான் எவரும் அஞ்சுவதில்லை. அது சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. கை வழியே வாய்க்குப் போகிறது. உடல் அதைக் கால்சியம் என மயங்கி எலும்பில் சேமித்து வைக்கிறது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடல் ஏற்கும். அதன் மூளை வளர்ச்சி குன்றும். தீங்கற்ற அளவு என ஈயத்துக்கு எதுவுமில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். செனகல் நாட்டின் டாக்கர் நகரை ஒட்டிய தியாராய் சுர் மேர் என்னும் ஊரில், பாட்டரி ஈயம் கலந்த மண்ணால் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தனர்.

எங்கள் தெருவில் பழைய ஈயம் வாங்கி உருக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருக்கு மூன்று வயதில் ஒரு மகள். இவற்றையெல்லாம் நான் சொன்னபோது, "தம்பி, உங்க தாத்தா நாப்பது வருசம் ஈயத்துலதான கெடந்தாரு? அவருக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. குளிர்ந்த எழுத்தைத் தொடுவதைவிட உருக்கும் புகையை உள்ளிழுப்பது கொடியது என்பது ஒரு விடை. தாத்தாவின் இரத்தத்தை ஒருநாளும் எவரும் சோதித்ததில்லை என்பது மற்றொரு விடை. அண்ணன் முழுவதும் ஒப்பவில்லை. வேலைச் சட்டையை உலையடியிலேயே கழற்றிவைத்து, குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குவதற்கு மட்டும் இசைந்தார்.

நம் கடமை

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் ஈய நஞ்சேற்றத்தையே முதலாவதாக வைத்தது. பட்டாசில் எவ்வடிவிலும் ஈயம் சேர்க்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2017 ஜூலை 31 அன்று ஆணையிட்டது. ஆனால் இரண்டு பேர் வேலை செய்யும் கொட்டகைக்குள் சட்டம் எளிதில் நுழைவதில்லை. அங்கே நுழையக்கூடியவர்கள் அத்தெருவிலேயே பிறந்த நாம்தாம். அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளையேனும் பழைய இரும்புக் கடைகளுக்கு ஒதுக்கி, தொழிலாளர்க்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் இரத்த ஈயப் பரிசோதனை கிடைக்க வழி செய்வோமாக. நாம் படிக்கும் வேதியியல் நம் தெருவுக்குப் பயன்படட்டும்.