தேவாலய ஆர்கனை உங்கள் கணினியில் வாசிக்கலாம்

ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் சுவரளவு உயர்ந்து நிற்கும் குழாய் ஆர்கனை வீட்டில் உட்கார்ந்தே வாசிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பச் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும். ஆனால் அது உண்மை. ஆர்கனின் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக ஒலிப்பதிவு செய்து கணினியில் ஏற்றிவிடுகிறார்கள். நீங்கள் கீபோர்டில் கட்டையை அழுத்தினால் அந்தந்தப் பதிவு ஒலிக்கும். இதை மெய்நிகர் ஆர்கன் என்கிறார்கள். இது எப்படி உருவாகிறது, உங்களுக்கு எப்படிப் பயன்படும், எங்கே எச்சரிக்கை வேண்டும் என்று பார்ப்போம்.

குழாய் ஆர்கன் எப்படி ஒலிக்கிறது? காற்றால். துருத்தி காற்றை அழுத்தத்தோடு ஒரு பெட்டியில் சேர்த்து வைக்கிறது. கட்டையை அழுத்தினால் ஓர் அடைப்பு திறந்து, காற்று குழாய்க்குள் பாய்கிறது. விரலை எடுக்கும்வரை ஒலி குறையாமல் நிற்கும். புல்லாங்குழல் போன்ற தொனிக்கு ஒரு குழாய் வரிசை, எக்காளம் போன்ற தொனிக்கு இன்னொன்று என்று பல வரிசைகள் இருக்கும். எந்த வரிசை ஒலிக்க வேண்டும் என்பதை ஸ்டாப் (ஒரு குழாய் வரிசையைத் திறந்து மூடும் குமிழ்) தீர்மானிக்கிறது.

ஓர் உண்மையான ஆர்கனை எடுத்துக்கொள்வோம். பிரான்சில் கான் நகரின் சேன்ட் எத்தியேன் தேவாலயத்தில் அரிஸ்தீத் கவாயே-கொல் 1885-இல் கட்டி முடித்த ஆர்கன் இருக்கிறது. கைக்கு மூன்று கட்டை வரிசைகள், காலுக்கு ஒன்று, மொத்தம் 50 ஸ்டாப்புகள். செக் நாட்டின் சோனஸ் பாரடைசி நிறுவனம் இதைப் பதிவு செய்து, கணினியில் வாசிக்கும் தொகுப்பாக வெளியிட்டிருக்கிறது.

இதற்கு எவ்வளவு வேலை ஆகும்? ஒரு ஸ்டாப்புக்கு ஏறக்குறைய 50 சுரம் என்று வைத்துக்கொண்டால், 50 ஸ்டாப்புகளுக்கு 2,500 சுரங்கள். ஒரு சுரத்தை ஒலிக்கவிட்டு, அது அடங்கும்வரை காத்திருக்க 25 விநாடி என்றாலும், எல்லாவற்றையும் ஒருமுறை பதிவு செய்ய 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே சுரத்தைப் பலமுறை பதிய வேண்டும் என்பதால் உண்மையான நேரம் இதைவிட அதிகம்.

ஏன் பலமுறை? பெரிய கல்கூடத்தில் கட்டையை விட்ட பிறகும் ஒலி சில விநாடிகள் சுழன்று தேயும். சட்டென்று தட்டி விட்ட சுரம் கூடத்தை நிரப்புவதற்குள் நின்றுவிடுகிறது. நீண்ட நேரம் பிடித்த சுரம் கூடம் முழுக்க நிறைந்த பிறகு நிற்கிறது. இரண்டின் முடிவும் ஒன்றுபோல் இருக்காது. அதனால் குறுகிய, நடுத்தர, நீண்ட அழுத்தம் என மூன்று விதமாகப் பதிவு செய்வது வழக்கம். நீங்கள் எவ்வளவு நேரம் கட்டையைப் பிடித்தீர்கள் என்று பார்த்து, மென்பொருள் அதற்கேற்ற முடிவை எடுத்துக் கோக்கிறது.

அப்படியானால் பதிவாவது குழாயா, கூடமா? இரண்டும்தான். பழைய ஆர்கனைக் கட்டியவர்கள் அது நிற்கும் கூடத்துக்கு ஏற்பவே குழாய்களின் ஒலியைச் சீர்செய்தார்கள். அதனால் பதிவாளர்கள் ஒரு ஜோடி மைக்கைக் குழாய்களுக்கு அருகிலும், இன்னொரு ஜோடியைக் கூடத்தின் நடுவிலும், வேண்டுமென்றால் பின்பக்கத்திலும் வைக்கிறார்கள். பிறகு எந்த இடத்திலிருந்து கேட்பதுபோல் வேண்டும் என்பதை நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

பதிவை ஏன் பெரும்பாலும் இரவில் செய்கிறார்கள்? தெருவில் வண்டிச் சத்தம் குறைவு என்பது முதல் காரணம். வெப்பநிலை இன்னொரு காரணம். காற்று சூடானால் குழாயின் சுருதி ஏறும்: ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறக்குறைய 3 சென்ட் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலுள்ள சுருதி தூரத்தில் நூறில் ஒரு பங்கு). 10 டிகிரி மாறினால் 30 சென்ட். அதைச் சாதாரணக் காதே கண்டுபிடித்துவிடும். உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் குழாய்கள் அந்த அளவுக்கு மாறாததால், ஒரே ஆர்கனுக்குள் ஒரு வரிசைக்கும் இன்னொரு வரிசைக்கும் சுருதி விலகும். எனவே முன்கூட்டியே சுருதி சேர்த்து, வெப்பம் அதிகம் மாறாத நேரமாகப் பார்த்துப் பதிகிறார்கள்.

பதிவு பத்து விநாடிதான் என்றால், ஒரு நிமிடம் கட்டையைப் பிடித்தால் என்ன ஆகும்? ஒலி நிற்காது. பதிவின் நடுவில் ஒன்றோடொன்று இசைந்து போகும் இரு இடங்களைக் கண்டுபிடித்து, அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்கள். இதற்கு லூப் (முடிவும் தொடக்கமும் ஒட்டிச் சுழலும் பகுதி) என்று பெயர். சரியாகச் செய்த லூப்பில் ஒட்டு காதுக்குத் தெரியாது. மோசமாகச் செய்தால் சீராக ஒரு துடிப்பு கேட்கும். இலவசத் தொகுப்போ விலைக்கு வாங்கும் தொகுப்போ, ஒரு சுரத்தை அரை நிமிடம் பிடித்துக் கேளுங்கள். தரம் தெரிந்துவிடும்.

சரி, நீங்கள் தொடங்க என்ன வேண்டும்? முதலில் மென்பொருள். கிராண்ட்ஆர்க் என்பது இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஹாப்ட்வெர்க் கட்டண மென்பொருள். பெரிய நிறுவனங்கள் பலவும் அதற்கென்றே தொகுப்புகளைத் தயாரிக்கின்றன. பர்மிங்காம் நகரின் மோஸ்லி பகுதியிலுள்ள செயின்ட் ஆன்ஸ் தேவாலய ஆர்கன் ஹாப்ட்வெர்க்கோடு சேர்ந்தே வருகிறது. ஒரு எச்சரிக்கை: ஹாப்ட்வெர்க்குக்காகப் பூட்டி விற்கும் தொகுப்புகள் கிராண்ட்ஆர்க்கில் திறக்காது. பணம் கட்டும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருக்கும் கீபோர்டு போதுமா? மிடி (எந்தக் கட்டை எப்போது அழுத்தப்பட்டது என்பதைக் கணினிக்குச் சொல்லும் முறை) வசதியும் யுஎஸ்பி இணைப்பும் இருந்தால் 61 கட்டைக் கீபோர்டே போதும். ஓங்கி அழுத்தினாலும் ஒலி கூடவில்லையே என்று பியானோ பழகியவர்கள் திகைக்கலாம். ஆர்கனின் இயல்பே அதுதான். ஒலியைக் கூட்ட ஸ்டாப்புகளைச் சேர்க்க வேண்டும். காலால் வாசிக்கப் பழக வேண்டுமானால் கால்கட்டைப் பலகை தனியாக வாங்க வேண்டியிருக்கும். அதை அவசரப்பட்டு வாங்க வேண்டாம், கை பழகட்டும்.

கணினி எப்படி இருக்க வேண்டும்? செயலியின் வேகத்தோடு ராம் (கணினி உடனே எடுத்துப் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) மிக முக்கியம். கட்டையைத் தொட்ட கணமே ஒலி வர வேண்டும் என்பதால், பதிவுகளை அங்கே ஏற்றித் தயாராக வைக்க வேண்டியிருக்கிறது. சிறிய ஆர்கனுக்கு 8 ஜிபி போதும். பெரிய ஆர்கனை எல்லா மைக் பதிவுகளோடும் ஏற்ற 64 ஜிபியும் போதாமல் போகலாம். ராம் குறைவாக இருந்தால் ஒரு மைக் ஜோடியை மட்டும் ஏற்றலாம். பயிற்சிக்கு அது தாராளம்.

கட்டையை அழுத்திச் சற்றுக் கழித்து ஒலி வருகிறதா? இது லேட்டன்சி (அழுத்துவதற்கும் கேட்பதற்கும் இடையிலான தாமதம்). விண்டோஸ் கணினிகளில் இந்தத் தொல்லை அதிகம். ஏசியோ இயக்கி (ஒலியைத் தாமதமின்றி அனுப்ப உதவும் மென்பொருள்) உள்ள வெளி ஒலிக்கருவி ஒன்றைப் பொருத்தினால் பெரும்பாலும் தீரும். புளூடூத் ஹெட்போனைத் தவிருங்கள். அதுவே தாமதத்தைச் சேர்க்கும்.

உங்கள் தேவாலயத்தில் இதைப் பயன்படுத்த நினைக்கிறீர்களா? அப்படியென்றால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். கூடத்தின் முழக்கத்தோடு பதிவான தொகுப்பை இன்னொரு முழங்கும் கூடத்தில் ஒலிபெருக்கி வழியே விட்டால், இரண்டு முழக்கமும் கலந்து பாட்டின் சொற்களே விளங்காமல் போகும். கான்கிரீட் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள தேவாலயத்துக்கு, குழாய்களுக்கு அருகில் பதிந்த தொகுப்பே பொருந்தும். ஹெட்போனில் வீட்டில் வாசிப்பவருக்கோ முழக்கத்தோடு பதிந்தது நல்லது. தாழ்சுரங்களுக்காகச் சப்வூஃபருக்கும் பணம் ஒதுக்குங்கள். 16 அடி வரிசையின் (மிக நீளமான குழாய் ஏறக்குறைய 16 அடி இருக்கும் வரிசை) மிகத் தாழ்ந்த சுரம் விநாடிக்கு ஏறக்குறைய 32 அதிர்வுதான். சிறிய ஒலிபெருக்கியில் அது கேட்கவே கேட்காது.

இது அசல் ஆர்கனுக்கு ஈடாகுமா? ஆகாது. உண்மையான ஆர்கனில் எல்லாக் குழாய்களும் ஒரே காற்றைப் பகிர்கின்றன. பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும்போது அழுத்தம் இலேசாகத் தளர்ந்து, ஒலி உயிருள்ளதுபோல் அசையும். தனித்தனியாகப் பதிந்த சுரங்களில் அது இல்லை. மென்பொருள் கணக்கிட்டு ஓரளவு உண்டாக்குகிறது. பழைய கருவிகளில் அடைப்பு திறப்பதை விரலே உணரும். பிளாஸ்டிக் கட்டையில் அந்த உணர்வு கிடைக்காது.

பிறகு ஏன் இவ்வளவு பாடு? இரண்டு காரணங்கள். பிரான்சின் நான்த் பேராலயத்தில், 1621 முதல் வரலாறு கொண்ட பெரிய ஆர்கன் 2020 ஜூலை 18 அன்று தீயில் அழிந்தது. ஓர் ஆர்கனை முழுமையாகப் பதிந்து வைத்தால், அது ஒலித்த விதம் கருவி போன பின்னும் நிலைக்கும். சீரமைப்பவர்களும் கேட்டுப் பார்க்கலாம். இன்னொன்று உங்களைப் பற்றியது. நம் ஊர்களில் குழாய் ஆர்கன் உள்ள தேவாலயங்கள் சொற்பம். சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் போன்ற இடங்களில் இருந்தாலும், கற்க விரும்பும் எல்லோரும் தினமும் போய் அதில் பழக முடியாது. அவர்களுக்கு இது கதவைத் திறந்துவிடுகிறது.

ஆனால் பதிவு இருக்கிறதே என்று பழைய கருவியைக் கவனிக்காமல் விடுவது பெருந்தவறு. உங்கள் தேவாலயத்தில் குழாய் ஆர்கன் இருந்தால், பணம் முதலில் அதன் பராமரிப்புக்குப் போகட்டும். இல்லையென்றால் கிராண்ட்ஆர்க்கையும் ஒரு சிறிய இலவசத் தொகுப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஸ்டாப்பைத் திறந்து, உங்களுக்குத் தெரிந்த பாமாலை ஒன்றை மெதுவாக வாசியுங்கள். அது சரளமான பிறகு இரண்டாவது ஸ்டாப்பைத் திறக்கலாம்.