செத்தும் ஆட வைக்கும் சைபீரியச் சாமியார்!

ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ எங்கள் செமோரிலோ நடக்கும் ஒரு கல்யாண விருந்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முதலில் பிள்ளையார் பாட்டு. பிறகு எம்.ஜி.ஆர். பாட்டு; தாத்தாமார்கள் தலையை ஆட்டுவார்கள். அடுத்து உறுமி மேளம், இளவட்டங்கள் இறங்கிவிடுவார்கள். சாப்பாடு முடிந்து ஐஸ்கிரீம் கரையத் தொடங்கும் நேரத்தில் ஒலிபெருக்கிக்காரர் ஒரு பழைய ஆங்கிலப் பாட்டைப் போடுவார். திம் திம் என்று மத்தளம் கிளம்பும். அவ்வளவுதான்! அத்தை, சின்னம்மா, பேரன், பேத்தி என்று மண்டபமே எழுந்துவிடும். முப்பது வருஷம் பால் வெட்டி ஓய்ந்த பெரியம்மாகூட நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை தட்டுவார். அதுதான் 'ரஸ்புடின்' பாட்டு.

1978 இல் வெளிவந்த பாட்டு இது. அந்த ஆண்டில் அடுக்கடுக்காய் வந்த டிஸ்கோ பாட்டுகள் எத்தனையோ இன்று தேடினாலும் கிடைக்காமல் போய்விட்டன. இது மட்டும் போவேனா என்கிறது. ஆனால் யார் அந்த ரஸ்புடின் என்று கேட்டுப் பாருங்கள், ஆடியவர்களில் பாதிப் பேர் விழிப்பார்கள். என் வகுப்பு மாணவி ஒருத்தி அதை 'ராசா புட்டு' என்றே நினைத்திருந்தாள்! அவளைக் குறை சொல்ல முடியாது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் சித்தப்பாவின் டேப் ரிக்கார்டரில்தான் இதை முதலில் கேட்டேன். நாடாவின் ஒரு பக்கம் இளையராஜா, மறுபக்கம் போனி எம். அன்றைக்கு எனக்கும் அது வெறும் ஒரு சத்தம்தான்.

போனி எம் என்ற அந்தக் குழுவின் கதையே ஒரு சினிமா போன்றது. அதை உருவாக்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த பிராங்க் பாரியன். சமையல் தொழில் கற்ற மனிதர். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் துப்பறியும் தொடர் ஒன்றில் வந்த 'போனி' என்ற பெயர் பிடித்துப்போய், அதோடு ஒரு 'எம்' சேர்த்துக்கொண்டார். முதல் பாட்டைத் தானே பாடிப் பதிவு செய்துவிட்டார். அதன் பிறகுதான் மேடையில் நின்று ஆட ஆட்களைத் தேடினார். வந்து சேர்ந்தவர்கள் நான்கு பேர்: ஜமைக்காவில் பிறந்த லிஸ் மிட்செல், மார்சியா பாரட், மொன்செராட் தீவின் மெய்சி வில்லியம்ஸ், அரூபா தீவின் பாபி பாரல்.

ஜமைக்கா, மொன்செராட் என்றால் நமக்கு எங்கோ இருக்கும் ஊர்கள்தாம். ஆனால் அவை கரும்புத் தோட்டங்களின் தீவுகள் என்பதை மறக்க வேண்டாம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே கரும்பு வெட்டினார்கள். அடிமைமுறை ஒழிந்த பிறகு, 1845 இல், ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றிய முதல் கப்பல் ஜமைக்காவுக்குப் போனது. நம் பாட்டன் பூட்டன் பினாங்குத் துறையில் இறங்கிய அதே கதையின் இன்னொரு கிளை அது. தோட்ட மண்ணிலிருந்து வந்தவர்களின் குரல் என்று தெரிந்து கேட்கும்போது எனக்கு அந்தப் பாட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி வருகிறது. உங்களுக்கும் அப்படியே இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீண்ட தலைமுடியும் திறந்த மார்புமாகத் துள்ளித் துள்ளி ஆடுகிறாரே பாபி பாரல், இசைத்தட்டில் கேட்கும் கனத்த ஆண்குரல் அவருடையது அல்ல. அது பாரியனின் குரல். மெய்சி வில்லியம்ஸும் பதிவில் பாடவில்லை. இது வெளியே வந்தபோது மேல்நாட்டார் "ஏமாற்று!" என்று கூச்சலிட்டார்கள். நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது. டி.எம். சௌந்தரராஜன் பாட, எம்.ஜி.ஆர். வாயசைத்ததை நாம் எந்த நாளில் ஏமாற்று என்றோம்?

இனி, பாட்டின் நாயகரிடம் வருவோம்.

கிரிகோரி ரஸ்புடின் 1869 இல் சைபீரியாவில் பொக்ரோவ்ஸ்கோயே என்ற கிராமத்தில் பிறந்த குடியானவர். எழுத்து வாசனை அதிகம் இல்லை. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உண்டு. அவர் முறைப்படி துறவியும் அல்ல, பாதிரியாரும் அல்ல. நம்மூர் வழக்கில் சொன்னால், ஊர் ஊராகக் கோயில்களுக்கு நடந்து, அருள்வாக்கு சொல்லிப் பெயர் வாங்கிய ஒரு சாமியார். 1905 இல் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலாஸ் முன்னிலையில் போய் நின்றார். கிராமத்துக் குடியானவரை அரண்மனை ஏன் உள்ளே விட்டது? இங்கேதான் பாட்டு சொல்லாத கதை இருக்கிறது.

சக்கரவர்த்திக்கு நான்கு பெண்களுக்குப் பிறகு 1904 இல் ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. பெயர் அலெக்சி. குழந்தைக்கு இரத்தம் உறையாத நோய். ஹீமோபிலியா என்பார்கள். தாய்வழியாக வந்து ஆண் பிள்ளைகளைப் பிடிக்கும் நோய் இது. மகாராணி அலெக்சாண்டிரா, இங்கிலாந்து விக்டோரியா மகாராணியின் பேத்தி. நம் முன்னோர் கப்பலேறிய காலத்து நாணயத்தில் தலை பொறித்திருந்ததே, அதே விக்டோரியாதான்! விக்டோரியாவின் சொந்த மகன் லியோபோல்டு இதே நோயால் 1884 இல் இறந்தார். விதவிதமான மாணிக்கங்களோடு இந்த நோயையும் அந்த வம்சம் ஐரோப்பிய அரண்மனைகளுக்குச் சீதனமாக அனுப்பிவைத்தது. 2009 இல் அந்தக் குடும்பத்தாரின் எலும்புகளை மரபணுச் சோதனை செய்த விஞ்ஞானிகள், அது ஹீமோபிலியாவில் 'பி' என்ற வகை என்று உறுதி செய்தார்கள்.

1912 இல் போலந்தில் ஸ்பாலா என்ற இடத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்கு உள்ளே இரத்தம் கசிந்து, தொடை வீங்கி, வலியில் துடித்தான். வைத்தியர்கள் கைவிட்டார்கள். மதச் சடங்கும் செய்து முடித்தாகிவிட்டது. தாய் சைபீரியாவில் இருந்த ரஸ்புடினுக்குத் தந்தி அனுப்பினார். பிள்ளை சாகமாட்டான், வைத்தியர்கள் அவனை அதிகம் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் பதில் தந்தி வந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டான். எப்படி? பிள்ளையைச் சும்மா விட்டதே நல்லதாயிற்று என்பது சிலரின் விளக்கம். தாய் அமைதியானதும் பிள்ளையும் அமைதியானான் என்பது வேறு சிலரின் விளக்கம். அந்தத் தாய்க்கு விளக்கம் எதற்கு? பிள்ளை கண் திறந்தான், அது போதும்.

அரண்மனையார் செய்த பெரிய பிழை, நோயை ஊருக்கு மறைத்தது. வாரிசுக்கு இப்படி ஒரு நோய் என்று மக்களுக்குச் சொல்லவே இல்லை. ஆகவே மக்கள் பார்த்தது என்ன? அழுக்கு அங்கி போட்ட தாடிக்காரர் ஒருவர் மகாராணியின் மாளிகைக்குள் போகிறார், வருகிறார். வாய் சும்மா இருக்குமா? அவர் மகாராணியின் காதலர் என்று கட்டிவிட்டார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அறுபது வருஷம் கழித்துப் போனி எம் தாளம் போட்டுப் பாடியது அந்த வதந்தியைத்தான்!

இந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு ஒன்று சொல்கிறேன், பெற்றோர்கள் கவனமாகக் கேளுங்கள். இருபது வருஷத்துக்கு முன் நான் முதன்முதலாக வேலை பார்த்த தோட்டத்தில் ஒரு பையன் இருந்தான். பால்பல் விழுந்த இடத்தில் இரண்டு நாளாக இரத்தம் நிற்கவில்லை. சின்னதாக இடித்தாலும் முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கும். "பேச்சி அடிச்சிருக்கு" என்றார்கள். அவன் தாய் சேவலும் முன்னூறு வெள்ளியுமாக ஒரு சாமியாரிடம் கொண்டுபோனார். விபூதி பூசினார்கள், கயிறு கட்டினார்கள். பிள்ளை வெளுத்துக்கொண்டே போனான். கடைசியில் பழைய டிரெசர் ஒருவர் சத்தம் போட்டு ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அலெக்சிக்கு இருந்த அதே நோய்! இரத்தம் உறைய உதவும் ஊசி மருந்து போட்டார்கள். அவன் இன்று வேலைக்குப் போகிறான்.

அந்தத் தாயை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ரஷ்ய மகாராணி செய்ததைத்தான் அவரும் செய்தார். ஒரே வித்தியாசம், மகாராணி காலத்தில் அந்த ஊசி உலகத்திலேயே இல்லை; இவர் காலத்தில் இருந்தது. ஆண் பிள்ளைக்குக் காரணமில்லாமல் பெரிய பெரிய நீலத் தடிப்புகள் வந்தாலோ, மூட்டு வீங்கினாலோ, சிறு காயத்திலும் இரத்தம் நிற்காவிட்டாலோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கிறது என்று கடையில் ஆஸ்பிரின் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது இரத்தக் கசிவை இன்னும் கூட்டும். சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கதைக்குத் திரும்புவோம். 1916 டிசம்பர் 30 ஆம் தேதி விடியுமுன், பெத்ரோகிராடு என்று அப்போது பெயர் மாறியிருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், இளவரசர் பெலிக்ஸ் யூசுபோவும் கூட்டாளிகளும் ரஸ்புடினை விருந்துக்கு அழைத்துச் சுட்டுக் கொன்று ஆற்றில் போட்டார்கள். விஷம் கலந்த கேக் தின்றும் சாகவில்லை, சுட்டும் எழுந்து ஓடினார் என்பதெல்லாம் கொன்றவர்களே எழுதிய கதை. அவருடைய மகள் மரியாவோ, அப்பாவுக்கு இனிப்பே பிடிக்காது, கேக்கை எங்கே தின்றிருப்பார் என்று கேட்டார்! உடலில் மூன்று குண்டுக் காயங்கள் இருந்தன; ஒன்று நெற்றியில். நெற்றியில் குண்டு பாய்ந்த மனிதன் எழுந்து ஓடுவதாவது! அந்த மரியா பிற்காலத்தில் நாடு விட்டு நாடு போய், சர்க்கஸில் சிங்கம் புலிகளோடு வேலை பார்த்துப் பிழைத்தார். 1977 இல் அமெரிக்காவில் இறந்தார். பாட்டு வெளிவருவதற்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு முன்னால்.

கொன்றவரின் குடும்பத்தாலும் உலகத்துக்கு ஒன்று கிடைத்தது. 1932 இல் ஹாலிவுட்டில் ரஸ்புடின் படம் ஒன்று எடுத்தார்கள். அதில் தன்னைக் கெட்டுப்போனவளாகக் காட்டிவிட்டார்கள் என்று யூசுபோவின் மனைவி 1934 இல் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு 25,000 பவுன் நஷ்டஈடு வென்றார். பயந்துபோன படக் கம்பெனிகள் அன்று முதல் ஓர் அறிவிப்பு போடத் தொடங்கின. 'இக்கதையில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே' என்று நம் தமிழ்ப் படங்களின் தொடக்கத்தில் வருகிறதே, அதற்கும் மூலகாரணம் நம் சாமியார்தான்!

1978 டிசம்பரில் போனி எம் குழுவைச் சோவியத் அரசு மாஸ்கோவுக்கு அழைத்தது. அரங்கம் நிறைந்து வழிந்தது. ஆனால் ரஸ்புடினை மட்டும் பாடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அங்கே வெளியிட்ட இசைத்தட்டிலும் அந்தப் பாட்டைக் கழற்றிவிட்டார்கள். தடுத்த பண்டத்துக்குத்தான் ருசி அதிகம், கேட்கவா வேண்டும்?

இத்தனை வருஷம் இந்தப் பாட்டு நிலைப்பதற்குத் தாளம் ஒரு காரணம். காலைத் தட்டி, கையைத் தட்டி, போகப்போக வேகம் ஏறும் தாளம் நம் உறுமிக்குச் சொந்தக்காரன் மாதிரி. மெட்டு, 'கட்டிபிம்' என்ற பழைய துருக்கி நாட்டுப் பாடலை ஒத்திருக்கிறது என்று பலரும் சொல்வதுண்டு. பாரியன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. என் எண்ணத்தில் இதைவிடப் பெரிய காரணம் கதை. மற்ற டிஸ்கோ பாட்டுகள் 'ஆடு, ஆடு' என்று மட்டும் சொல்லும். இது ஒரு மனிதன் வந்தான், வளர்ந்தான், கொல்லப்பட்டான் என்று சொல்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் இப்படித்தானே தேசிங்குராஜன் கதையையும் கட்டபொம்மன் கதையையும் பாடிக் கேட்டார்கள்? தேசிங்கு செத்தது 1714 இல். கதைப்பாட்டு இருந்ததால் மலாயாத் தோட்டத்து லயம் வரை அவன் குதிரை வந்தது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனோ தோட்டத்துக்குத் தோட்டம் காவல் தெய்வமாகவே நிற்கிறான். ரஸ்புடின் வீரன் அல்லதான். ஆனால் பாட்டுக்கு நல்லவன், கெட்டவன் கணக்கு இல்லை. சாவு பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவே.

2021 இல் இந்தப் பாட்டு மறுபிறவி எடுத்தது. மஜெஸ்டிக் என்ற இசைக்காரர் புது மெருகேற்றி வெளியிட்டார். அது இங்கிலாந்து வரிசையில் 11 ஆம் இடம் வரை ஏறியது. (1978 இல் மூலப்பாட்டு அங்கே 2 ஆம் இடம்.) அதே ஆண்டு ஏப்ரலில் கேரளத்துத் திருச்சூர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு மாணவனும் ஒரு மாணவியும், ஆஸ்பத்திரி உடுப்போடு தாழ்வாரத்தில் நின்று இந்தப் பாட்டுக்கு அரை நிமிடம் ஆடினார்கள். படம் உலகமெங்கும் பரவியது. உடனே சிலர், பையன் என்ன மதம், பெண் என்ன மதம் என்று கிளறத் தொடங்கினார்கள். வெறுப்புக்கு என்ன பதில் சொன்னார்கள் தெரியுமா? அந்தக் கல்லூரி மாணவர்கள் இன்னும் பலர் கூட்டமாகச் சேர்ந்து அதே பாட்டுக்கு அதே ஆட்டத்தை ஆடிப் படம் போட்டார்கள். நோயாளிகளைப் பார்த்துக் களைத்த பிள்ளைகள் அரை நிமிடம் ஆடினால் வானம் இடிந்தா விழும்?

பாரியன் 2024 ஜனவரியில் காலமானார். பாபி பாரல் அதற்கு முன்பே போய்விட்டார். அவர் போன விதம்தான் விசித்திரம். ரஷ்யாவுக்குக் கச்சேரி செய்யப் போனவர், மேடையில் ஆடிவிட்டு வந்து, தங்கியிருந்த விடுதி அறையில் உயிர்விட்டார். வயது 61. ஊர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். நாள் 2010 டிசம்பர் 30. ரஸ்புடின் கொல்லப்பட்ட அதே ஊர், அதே தேதி!

வகுப்பில் இதைச் சொன்னபோது நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் எழுந்து, "ஐயா, அப்ப சாமியாரு அவரக் கூப்பிட்டுக்கிட்டாரா?" என்று கேட்டான். தற்செயல் என்றால் என்ன என்று அவனுக்கு விளக்க அரைப் பாடவேளை பிடித்தது. அவன் நம்பியதாகத் தெரியவில்லை.