தரவு அகராதி

1998ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், செவ்வாய்க் கோளின் வானிலையை ஆராய்வதற்காக அமெரிக்காவின் நாசா நிறுவனம் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்னும் விண்கலத்தை ஏவியது. ஒன்பது மாதங்களுக்கு மேல் பயணம் செய்த அக்கலம், 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயின் பின்புறம் சென்று மறைந்தது. அதன்பின் அதனிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. ஏறத்தாழ 226 கிலோமீட்டர் உயரத்தில் கடந்திருக்க வேண்டிய கலம், 57 கிலோமீட்டர் அளவுக்குத் தாழ்ந்து சென்றது பின்னர்த் தெரியவந்தது.

விசாரணைக் குழு கண்டறிந்த மூலகாரணம் எந்திரப் பழுது அன்று; எண்களின் அலகு. கலத்தின் சிறு உந்துதல்களைக் கணக்கிட்ட தரைநிலைய மென்பொருள், பவுண்டு-விசை வினாடி என்னும் அலகில் விடைகளை எழுதியது. அவற்றைப் பெற்றுப் பாதையைக் கணித்த மென்பொருளோ அவ்வெண்களை நியூட்டன் வினாடி எனக் கொண்டது. ஒரு பவுண்டு-விசை ஏறத்தாழ 4.45 நியூட்டனுக்குச் சமம். ஆகவே, ஒவ்வோர் உந்துதலும் அதன் உண்மை அளவில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கணக்கில் சேர்ந்தது. மெட்ரிக் அலகே வேண்டும் என அவ்விரு மென்பொருள்களுக்கும் பொதுவான ஆவணம் முன்னரே வரையறுத்திருந்தது. எழுதியிருந்தும் நிரலில் அது கடைப்பிடிக்கப்படவில்லை என்பதே வருந்தத்தக்கது.

ஒரு மென்பொருளில் இடம்பெறும் ஒவ்வொரு தரவுக்கும் பெயர், பொருள், வகை, நீளம், அலகு, ஏற்கத்தக்க மதிப்புகள், அது எங்கிருந்து வருகிறது, எந்த நிரல்கள் அதனைப் பயன்படுத்துகின்றன என்பனவற்றை ஓரிடத்தில் தொகுத்து வைக்கும் ஆவணமே தரவு அகராதி. வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை எனச் சொற்களை நான்கு வகையில் அணுகியது. ஒரு சொல்லைப் பல கோணங்களில் விளக்கும் அந்த நோக்கு இங்கும் பொருந்தும்.

நிரல் எழுதத் தொடங்குமுன்பே அகராதி தொடங்கப்பட வேண்டும். பள்ளி ஒன்றின் மாணவர் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். 'பிறந்த நாள்: 03-04-2008' என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? நாள், மாதம், ஆண்டு என்னும் வரிசை எழுதப்படாவிட்டால் இருவர் இரு வகையாகப் படிப்பர். 'பெயர்' என்னும் புலமும் எளிதன்று. தமிழ்நாட்டில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்தே உண்டு. குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கும் படிவம், 'இ' என்னும் ஓரெழுத்தைக் குடும்பப் பெயராக்கிவிடும். தலைப்பெழுத்து பெயரின் முன்னா, பின்னா, தனிப் புலமா என்பதை அகராதிதான் முடிவுசெய்ய வேண்டும்.

'மதிப்பெண்' என்னும் புலத்திலும் இத்தகைய சிக்கல் உண்டு. ஐவரில் நால்வர் 60, 70, 80, 90 எனப் பெற்றுள்ளனர். ஒருவர் தேர்வுக்கு வரவில்லை. வராதவரின் புலம் வெற்றாக இருந்தால் சராசரி 75. அங்குச் சுழியம் இட்டால் சராசரி 60. கணினி இரண்டையும் தடையின்றிக் கணக்கிடும். 'மதிப்பெண்: மாணவரின் மதிப்பெண்' என்று எழுதிய அகராதியால் இங்குப் பயனில்லை. '0 முதல் 100 வரையிலான முழு எண். தேர்வுக்கு வராதவர்க்கு வெற்றுப்புலம்' என்று எழுதியதே பயன்படும்.

உருவாக்குவதைவிடப் பேணுவது கடினம். தரவுத்தளத்தின் அமைப்பு விவரங்களும் அத்தளத்திலேயே அட்டவணைகளாக இருக்க வேண்டும் என்பது எட்கர் காட் 1985இல் வெளியிட்ட விதிகளுள் ஒன்று. இன்றைய தரவுத்தள மென்பொருள்கள் புலத்தின் வகையையும் நீளத்தையும் தாமே பதிந்துகொள்கின்றன. ஆனால், அப்புலம் எதைக் குறிக்கிறது, எந்த அலகில் உள்ளது என்பதை மனிதரே எழுத வேண்டும். அவசர வேலையில் முதலில் விடுபடுவதும் அதுவே.

எனவே, நிரலில் மாற்றம் செய்பவரே அதே வேளையில் அகராதியையும் திருத்துவது நல்ல நடைமுறை. மாற்றிய நாளும் காரணமும் உடன் குறிக்கப்பட வேண்டும். அகராதியையும் தரவுத்தளத்தையும் ஒப்பிட்டு வேறுபாடுகளைக் காட்டும் சிறு நிரலை நாள்தோறும் இயக்கலாம். வழக்கொழிந்த புலத்தின் பதிவை அழித்துவிடாமல், எந்த நாள்வரை பயன்பட்டது என்று குறித்து வைத்தல் வேண்டும். அப்பெயரை வேறொரு தரவுக்குச் சூட்டுதல் கூடாது. பத்தாண்டுகளுக்கு முந்தைய மாணவரின் சான்றிதழைத் தேடி எடுப்பவருக்கு அப்பழைய பதிவு தேவைப்படும்.