பிடிலின் மதிப்பறிதல்

பரண்மேற் கிடந்த பழைய பிடிலொன்று கைக்கு வருமாயின், உடையவர் முதற்கண் நோக்குவது ஒலித்துளையின் வழியே உள்ளே தோன்றும் சிறு சீட்டினையே. அதன்கண் 'அன்டோனியுஸ் ஸ்திராடிவாரியுஸ்' என்னும் பெயர் காணப்படின், பெருநிதி கிட்டியதென உள்ளம் துள்ளும். அங்ஙனம் துள்ளுதல் தகுமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஸ்திராடிவாரி என்பார் இத்தாலி நாட்டுக் கிரெமோனா நகரில் வாழ்ந்து 1737ஆம் ஆண்டில் மறைந்த பிடில் தச்சர். அவர் செய்தவற்றுள் இன்று எஞ்சியவை சில நூறே. ஆனால், 19ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னும் ஜெர்மனியின் மிட்டன்வால்ட், பிரான்சின் மிரேகூர் முதலிய ஊர்களில் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட பிடில்கள் பலவற்றிலும் அவர் பெயர்ச் சீட்டே ஒட்டப்பெற்றது. யாருடைய மாதிரியைத் தழுவியது என்பதைக் குறித்தலே பெரும்பாலும் அதன் நோக்கம். ஔவையார் பெயரால் வழங்கும் பாடல்கள் யாவும் ஒரே ஔவையார் வாய்மொழி அல்லவென்று நாம் நடைகொண்டு துணிகிறோம் அன்றோ? பிடிலுக்கும் அம்முறையே பொருந்தும். சீட்டினைப் புறத்தே வைத்து, உருவின் வரை, பலகையின் வளைவு, தலைச்சுருளின் செதுக்கு, வார்னிஷின் தன்மை ஆகியவற்றை வல்லுநர் நோக்குவர்.

மரமும் சான்று பகரும். மேற்பலகையின் ஆண்டு வளையங்களை அளந்து, காலம் தெரிந்த மரங்களின் வளையங்களோடு ஒப்பிடுவர். ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் காட்சிச்சாலையிலுள்ள 'மெசையா' என்னும் பிடிலின் சீட்டு 1716 என்கிறது. அது பிற்காலப் போலியோ என்று ஐயம் எழுந்தபோது, அதன் வளையங்கள் 1680களோடு முடிவது கண்டறியப்பட்டது. இதனால் சீட்டின் ஆண்டோடு மரம் முரணவில்லை என்பது பெறப்பட்டது. எனினும், மரம் எந்த ஆண்டிற்கு முன் வெட்டப்பட்டிருத்தல் இயலாது என்பதை வளையம் காட்டுமேயன்றிச் செய்தவர் யாரென்று காட்டாது.

செய்தவர் இன்னாரென்று துணிந்தபின் நிலைமையை ஆராய்வர். அடிப்பலகையில் ஒலிக்கம்பம் நிற்குமிடத்து வெடிப்பிருப்பின் மதிப்புப் பெரிதும் குறையும். ஆதலின், மதிப்பிடுவதற்குமுன் துடைத்து மெருகிடுதலும், பழுது பார்த்தலும் ஆகா. பழைய வார்னிஷ் ஒருமுறை போயின் மீளாது.

இனி விலை. 1721ஆம் ஆண்டைச் சேர்ந்த 'லேடி பிளண்ட்' என்னும் ஸ்திராடிவாரி பிடில் 1971இல் 84,000 பவுனுக்கு விற்றது. அதுவே 2011இல் ஜப்பானியச் சுனாமி நிவாரணத்தின்பொருட்டு ஏலமிடப்பட்டு, ஏறத்தாழ 1 கோடியே 59 லட்சம் டாலர் பெற்றது. இவ்விலை இன்னோசைக்கென்று எண்ணற்க. 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வாசிப்போரின் பார்வையை மறைத்து, மூன்று பழைய இத்தாலியப் பிடில்களையும் மூன்று புதியவற்றையும் கொடுத்துச் சோதித்தனர். அவருட் பெரும்பாலோர் தமக்கு வேண்டுமென விரும்பியெடுத்தது புதியதொன்றையே. ஆகவே, விலையென்பது அருமைக்கும் வரலாற்றுக்கும் உரியது, ஓசைக்கு உரியதன்று.

மதிப்பறிய விழைவார் இரண்டினை மறவாதிருத்தல் நன்று. விற்கும் விலை வேறு. இன்ஷூரன்ஸுக்குரிய விலை வேறு. பின்னது பெரும்பாலும் உயர்ந்தே நிற்கும். எனவே, வேண்டுவது எதுவென்று முன்னரே தெளிக. அன்றியும், வாங்க விரும்புவோனையே மதிப்பிடச் சொல்லுதல் தகாது; தன் கைப்பொருளைக் காக்கும் அவன் நா பிறர் பொருளை உயர்த்திக் கூறுதல் அரிது. மதிப்பீட்டுக்குக் கூலி பெறுபவனும், அப்பொருளை வாங்காதவனுமாகிய வல்லுநனையே நாடுக. சீட்டுப் போலியென அவன் கூறினும் வருந்துதல் வேண்டா. நன்றாய் ஒலிக்கும் பிடில் அத்தீர்ப்பிற்குப் பின்னும் நன்றாகவே ஒலிக்கும்; பரணினின்று இறங்கியது மீண்டும் பரணேறாது வாசிப்பார் தோளை அடைக.