முள்ளந்தண்டுக் காயமும் மருந்தும்: றிப்போட் சரி என்றாலும் கவனம் தேவை

போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், செல் துண்டோ துப்பாக்கிச் சன்னமோ முள்ளந்தண்டைத் தாக்கியதால் எழுந்து நடக்க முடியாதவர்கள் வன்னியில் பல வீடுகளில் வாழ்கிறார்கள். மருந்தாளராக வேலை செய்யும் நான் அவர்களுடைய மருந்துத் துண்டுகளை அடிக்கடி பார்க்கிறேன். குளிசையின் பெயரும் வேளையும் அதில் இருக்கும். காயம் எந்த இடத்தில் என்பது பெரும்பாலும் இருக்காது. ஆனால் மருந்து கொடுப்பவர் முதலில் அறிய வேண்டியது அதைத்தான்.

முள்ளந்தண்டுக்குள் செல்லும் நரம்பு வடத்தை முண்ணாண் என்கிறோம். அது பாதிக்கப்பட்டால் கால்கள் மட்டும் செயலிழப்பதில்லை. இரைப்பை, குடல், சலப்பை, இரத்தக் குழாய்கள் ஆகியவற்றின் ஒழுங்கும் மாறுகிறது. அதனால் மருந்து உடலுக்குள் போவதும், தங்குவதும், வெளியேறுவதும் மாறுகின்றன.

கழுத்திலோ நெஞ்சின் மேற்பகுதியிலோ காயமடைந்தவர்களுக்கு இரைப்பை மெதுவாகவே வெறுமையாகும். பெரும்பாலான குளிசைகள் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகின்றன. ஆகவே பனடோல் வேலை செய்யத் தொடங்கவும் பிந்தலாம். "இன்னும் குறையவில்லை" என்று நேரத்துக்கு முன்பே மேலும் இரண்டு போடாதீர்கள். வளர்ந்தவருக்கு 24 மணி நேரத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுத்தான் உச்ச அளவு. மெலிந்தவர்களுக்கு அதிலும் குறைவாகவே வேண்டும்; மீறினால் ஈரல் பழுதாகும்.

ஊசியிலும் இதே நிலைதான். உணர்ச்சியற்ற தசையில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால், அங்கே போடும் மருந்து மெதுவாகவே பரவும். கட்டி வந்தாலும் வலி தெரியாது. தோள்பட்டையில் உணர்ச்சி இருந்தால் அங்கே போடலாமா என்று தாதியரிடம் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது சிறுநீரகம். அதன் நிலையை அறிய வழக்கமாக இரத்தத்தில் கிரியற்றினின் அளவு பார்க்கிறார்கள். கிரியற்றினின் தசையிலிருந்து உருவாகும் கழிவு. தசை வற்றியவர்களுக்கு அது குறைவாகவே உருவாகும். எனவே சிறுநீரகம் பழுதடையத் தொடங்கிய பிறகும் றிப்போட்டில் அளவு சரியாகவே தெரியலாம். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கப்படும் ஜென்ராமைசின், அமிக்காசின் போன்ற ஊசிகளின் அளவை அந்த இலக்கத்தை மட்டும் நம்பித் தீர்மானித்தால், மருந்து உடலில் தேங்கிச் சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கக்கூடும். தசையின் அளவை அதிகம் சாராத சிஸ்ரற்றின் சி என்ற பரிசோதனை உண்டு. அதைச் செய்ய முடியுமா என்று வைத்தியரிடம் கேட்கலாம்.

தோள்வலிக்கு டைக்குளோபெனாக்கை நாமாக வாங்கி நாட்கணக்கில் போடுவதும் இதே காரணத்தால் ஆபத்து. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். இரைப்பையிலும் புண் வரச் செய்யும். அந்த வலியைக் காயமடைந்த உடல் உணராமல் போகலாம். கறுப்பாக மலம் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தசை இறுக்கத்துக்கு எடுக்கும் பக்லோபென் பெருமளவு சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் அது தேங்கி, அளவுக்கு மிஞ்சிய தூக்கமும் தடுமாற்றமும் வரும். ஆனால் அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் கடும் இறுக்கம், காய்ச்சல், பிரமை, வலிப்புக்கூட வரலாம். போக்குவரத்துக் கஷ்டத்தால் கிளினிக்கைத் தவறவிடுபவர்கள், மருந்து முடிய ஒரு கிழமைக்கு முன்பே மறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வெளியே பேசக் கூச்சப்படும் இன்னொன்றும் உண்டு. நெஞ்சின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமடைந்தவர்களுக்கு, கதீற்றர் அடைத்தால்கூட பிறஷர் திடீரென ஏறும். அதை இறக்க நைத்திரேற்று மருந்து கொடுக்கப்படலாம். தாம்பத்தியத்துக்காக சில்டெனாபில் போன்ற குளிசை எடுத்தவருக்கு அதைக் கொடுத்தால் பிறஷர் உயிராபத்தாக விழும். எப்போது எடுத்தீர்கள் என்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் இவற்றை எழுதி வையுங்கள்: காயத்தின் மட்டம், உணர்ச்சி எதுவரை உள்ளது, வழக்கமான பிறஷர், எடுக்கும் எல்லா மருந்துகள், ஒவ்வாத மருந்துகள். இரவில் மயங்கிய நிலையில் கொண்டு போனாலும், புதிதாக வந்த வைத்தியருக்கு உங்களுக்காக அந்தப் பக்கம் பேசும்.