எட்டுப் பேருக்கு ஒரு கூடாரம்
ரூமானியப் படையும் திருகோணமலையின் மலாய்ச் சிப்பாய்களும்

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை ஒரு பழைய கோட்டை வாசலின் ஊடாகச் செல்கிறது. அதுதான் பிரெட்ரிக் கோட்டை. அங்கே மேயும் மான்களைப் பார்க்காத திருகோணமலைப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். போர்த்துக்கேயர் 1624இல் கட்டி, பின்னர் ஒல்லாந்தர் கைக்கு மாறி, 1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட கோட்டை அது. அந்த மதில்களில் காவல் நின்றவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள்தானா? இல்லை. கலிமாச் சொன்ன நம் சகோதரர்களும் அவர்களில் இருந்தார்கள். ஜாவா, மலாக்கா முதலிய தேசங்களிலிருந்து கப்பலேறி வந்த மலாய் முஸ்லிம்கள் அவர்கள்.

படைகளின் கதை ஆண்களுக்கு உரியது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! படைக்குச் சோறு வேண்டும், சம்பளம் வேண்டும், செருப்பு வேண்டும். ஒவ்வொரு சிப்பாய்க்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தை ஆட்சியாளர் எப்படி நடத்தினார்கள் என்று பார்த்தால், அந்த ஆட்சியின் குணம் விளங்கிவிடும்.

ரூமானியர் வகுத்த ஒழுங்கு

திருக்குர்ஆனில் 'அர்ரூம்' என்று ஓர் அத்தியாயம் உண்டு. அது குறிப்பிடுவது கிழக்கு ரூமானியப் பேரரசை. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே ரூமாபுரியின் படை உலகை நடுங்க வைத்திருந்தது. அதன் அடிப்படை மிகச் சிறியது: எட்டுப் பேர், ஒரு தோல் கூடாரம், ஒரு கோவேறு கழுதை, மாவு அரைக்க ஒரு கைத்திரிகை. அந்த எட்டுப் பேரும் தங்கள் பங்குக் கோதுமையைத் தாங்களே அரைத்து, தாங்களே சுட்டு உண்டார்கள். இத்தகைய பத்துக் குழுக்கள் சேர்ந்தால் எண்பது பேர் கொண்ட ஒரு பிரிவு. அத்தகைய ஆறு பிரிவுகள் ஓர் அணி. பத்து அணிகள் சேர்ந்தது 'லெகியன்' என்னும் பெரும்படை. ஏறத்தாழ ஐயாயிரம் பேர்.

அன்றாடம் நடை முடிந்ததும், பகைவர் நிலத்தில் அகழி வெட்டி, மண்மேடு எழுப்பி, அதற்குள்தான் தங்கினார்கள். போன இடமெல்லாம் பாதை போட்டார்கள், பாலம் கட்டினார்கள். தானியம் பின்னால் வந்து சேரும் வழியை உறுதிசெய்துகொண்டு முன்னேறியதே அவர்கள் வெற்றியின் இரகசியம்.

மனைவி இல்லாத சிப்பாய்

இத்தனை ஒழுங்கிலும் ஒரு பெரிய குறை இருந்தது. சாதாரண ரூமானியச் சிப்பாய் சேவைக் காலத்தில் சட்டப்படி திருமணம் செய்ய முடியாது. இருபது, இருபத்தைந்து வருடச் சேவை! மனிதர்கள் குடும்பம் வைக்காமல் இருக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களுக்குச் சட்டத்தில் மனைவி என்ற உரிமை இல்லை. கி.பி. 197 அளவில் செவெரஸ் என்ற பேரரசர்தான் இந்தத் தடையைத் தளர்த்தினார்.

இதோடு ஹழ்ரத் உமர் (ரழி) அவர்களின் ஆட்சியை ஒப்பிட்டுப் பாருங்கள். வீரர்களின் பெயர்களைப் பதிந்து 'தீவான்' என்னும் பேரேட்டை ஏற்படுத்திய அவர்கள், வீரருக்கு மட்டுமன்றி மனைவி மக்களுக்கும் தொகை வகுத்தார்கள். கணவனைப் பிரிந்த ஒரு பெண்ணின் ஏக்கத்தை இரவுச் சுற்றுலாவில் கேட்டபின், தம் மகளார் ஹஃப்ஸா (ரழி) அவர்களிடம் ஆலோசித்து, வீரர் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு எல்லை வைத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன.

பட்டாவியர் முதல் பத்தாவியா வரை

ரூமாபுரிக்குத் துணைப்படைகளும் இருந்தன. வென்ற நாட்டு மக்களிலிருந்து ஆள் எடுத்து, பெரும்பாலும் வேறொரு நாட்டுக் காவலுக்கு அனுப்புவார்கள். இருபத்தைந்து வருடம் உழைத்தால் குடியுரிமை கிடைக்கும். இன்றைய ஒல்லாந்து நாட்டில் வாழ்ந்த பட்டாவியர் இப்படிச் சேர்ந்தவர்களில் பேர்போனவர்கள். அவர்களின் அணி ஒன்று கி.பி. 100 அளவில் இங்கிலாந்தின் வட கோடியில், விண்டொலாண்டா என்ற கோட்டையில் தங்கியிருந்தது.

அந்த இடத்தைத் தோண்டியபோது, மையால் எழுதிய மெல்லிய மரப்பலகைகள் கிடைத்தன. யாருக்கோ காலுறையும் செருப்பும் உள்ளாடையும் அனுப்பியிருப்பதாக ஒரு பலகை சொல்கிறது. குளிர் நாட்டுச் சிப்பாய்க்கு அதுவல்லவா முதல் தேவை! இன்னொன்று, அணித் தலைவரின் மனைவி லெபிடினாவுக்கு அவர் தோழி செவெரா எழுதியது. செப்டம்பர் 11ஆம் நாள் தன் பிறந்தநாளுக்கு வரும்படி அன்போடு அழைக்கிறார். முடிவில் தன் கைப்படவே சில வரிகள் சேர்த்திருக்கிறார். பெண் ஒருவர் எழுதிய லத்தீன் கையெழுத்தில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையவற்றில் அதுவும் ஒன்று. படைத்தலைவர்களின் பல ஆணைகள் மறைந்துபோயின. இந்தத் தோழியின் அழைப்பு பிழைத்துக் கிடக்கிறது.

இந்தப் பட்டாவியரைத்தான் ஒல்லாந்தர் தம் மூதாதையர் என்று பெருமை பேசினார்கள். 1619இல் ஜாவாவின் ஜயகர்த்தாவை அழித்துத் தாங்கள் எழுப்பிய நகருக்குப் 'பத்தாவியா' என்று அவர்கள் பெயரையே இட்டார்கள். இன்றைய ஜகார்த்தா அதுதான். அந்தப் பத்தாவியாவிலிருந்துதான் மலாய்ச் சிப்பாய்களும், நாடு கடத்தப்பட்ட அரச குடும்பத்தவரும் இலங்கைக்கு வந்தார்கள். ரூமானியர் பட்டாவியருக்குச் செய்ததை, ஒல்லாந்தர் மலாய் மக்களுக்குச் செய்தார்கள். ஒரு நாட்டானைக் கொண்டு இன்னொரு நாட்டைக் காக்கும் பழைய தந்திரம்!

திருகோணமலையிலிருந்து கண்டிக்கு

ஆங்கிலேயரும் அதே வழியில் நடந்து, மலாய்ச் சிப்பாய்களைத் தம் படையணியாக்கிக்கொண்டனர். 1803இல் கண்டியைப் பிடிக்க இரண்டு படைகள் புறப்பட்டன. ஒன்று கொழும்பிலிருந்து, மற்றொன்று கர்னல் பார்பட் தலைமையில் நம் திருகோணமலையிலிருந்து. இதில் மலாய்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். கண்டி எளிதாக விழுந்தது. ஆனால் மலைநாட்டில் பாதை இல்லை; அரிசி வந்து சேரவில்லை; காய்ச்சல் படையைத் தின்றது. பார்பட்டும் காய்ச்சலில் மாண்டார்.

ஜூன் மாதம் மேஜர் டேவி சரணடைந்தார். எஞ்சியவர்களோடு திருகோணமலைக்குத் திரும்ப முயன்றபோது, வெள்ளம் பெருகிய மகாவலி வழிமறித்தது. கடக்கப் பாலமும் இல்லை, படகும் இல்லை. அங்கேயே அந்தப் படை அழிந்தது. தன் சேவையில் சேரும்படி கண்டி மன்னன் மலாய்த் தளபதி நூருத்தீனையும் அவர் சகோதரரையும் கேட்டான். வேறு அரசருக்குச் சத்தியம் செய்துவிட்டதாகச் சொல்லி அவர்கள் மறுத்தார்கள், கொல்லப்பட்டார்கள். யாருடைய யுத்தத்துக்கோ தந்த வாக்கு! அதையும் உயிர் கொடுத்துக் காத்தார்கள்.

குடும்பத்தோடு நகர்ந்த படை

1827இல் இந்த அணிகள் 'இலங்கை ரைபிள் படைப்பிரிவு' என்று ஒன்றாயின. ரூமானியச் சிப்பாயைப் போலன்றி, மலாய்ச் சிப்பாயோடு மனைவி மக்களும் வந்தார்கள். படை முகாமிலேயே குடும்பங்கள் வாழ்ந்தன. பிள்ளைகளுக்குப் படைப்பிரிவுப் பள்ளிக்கூடமும் இருந்தது. திருகோணமலை, கண்டி, காலி என்று இடம் மாற்றும்போதெல்லாம் பெட்டியும் தொட்டிலும் கூடவே பயணம் போயின. 1847இல் ஒரு பகுதியினர் ஹொங்கொங் வரை அனுப்பப்பட்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் அடுப்பை மறுபடி மூட்டியவர்கள் அந்தப் பெண்களே. அவர்கள் இல்லாதிருந்தால் படை கலைந்த நாளில் சமூகமும் கலைந்திருக்கும்.

1873இல் அந்தப் படைப்பிரிவு கலைக்கப்பட்டது. ஆண்கள் பொலிஸிலும் தோட்டங்களிலும் வேலை தேடினார்கள். மலாய் மொழி வீட்டில் பிழைத்தது. நம்மைப் போலவே ஷாஃபி மத்ஹபினர் ஆதலால் நம் குடும்பங்களோடு மணவுறவும் வளர்ந்தது. இன்று எத்தனையோ முஸ்லிம் வீடுகளில் ஒரு மலாய்ப் பாட்டி உண்டு.

பெட்டியைத் திறந்து பாருங்கள்

நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதியது போல, அவர்கள் மலாயை அரபு எழுத்தில் எழுதினார்கள். சிப்பாய்கள் முகாமிலே ஹிகாயத் என்னும் கதை ஏடுகளைப் பிரதி செய்தார்கள். 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் என்பவர் 'அலாமத் லங்காபுரி' என்னும் மலாய்ப் பத்திரிகையைக் கொழும்பில் அந்த எழுத்திலேயே வெளியிட்டார்.

கறையானும் யுத்தமும் 2004ஆம் வருடக் கடற்கோளும் நம் மாவட்டத்து வீட்டுப் பெட்டிகளிலிருந்து கொண்டுபோனவை கொஞ்சமல்ல. மிஞ்சியிருப்பதையாவது காப்போம். உங்கள் வீட்டில் படிக்கத் தெரியாத பழைய கையெழுத்துக் கிதாபு இருந்தால், அரபு எழுத்து என்பதற்காக ஓதும் கிதாபென்று எண்ணிக் கடலில் விடவோ புதைக்கவோ அவசரப்படாதீர்கள். எழுத்தறிந்த ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். அது ஒரு சிப்பாயின் மனைவி தன் பிள்ளைக்கு விட்டுச்சென்ற ஒரே சொத்தாக இருக்கலாம். வயதான மலாய் உம்மாமார் இருந்தால், அவர்கள் ஊர்ப் பெயரையும் பாட்டன் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். இந்த வேலைக்குப் படை தேவையில்லை. ஒரு பென்சிலும் ஒரு மாலை நேரமும் போதும்.