பழைய காரின் பின்பக்கம் ஏன் ஊளையிடுகிறது?

கல்யாணத்துக்கு இன்னும் 12 நாள்தான் இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குத் தாத்தா ஓட்டிய காரையே எடுப்பது என்று வீட்டில் முடிவு. அது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்து ஊரில், கீற்றுக் கொட்டகையில் நின்றது.

அந்தக் காருக்கு வந்தது வினை! 40 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் போதும். பின்பக்கத்தில் இருந்து "ஊ... ஊ..." என்று ஒரு சத்தம்.

"டிபரன்ஷியல் போய்விட்டது. கழற்றி இறக்க வேண்டும். சாமான் கிடைப்பது கஷ்டம்" என்று சொல்லிவிட்டார் ஒரு பட்டறைக்காரர். வீட்டில் எல்லோர் முகமும் வாடிவிட்டது. தாத்தா ஒன்றும் பேசவில்லை. துணியை எடுத்துக் காரைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

வண்டலூரில் பிறந்த கார்

ஹெரால்டு வெளியூர்க் கார் அல்ல. சென்னைக்குத் தெற்கே, வண்டலூர் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் 1961-ம் ஆண்டு முதல் தயாரானது. 4 கதவு வைத்த ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே செய்யப்பட்டது. இங்கிலாந்துக்காரர்களுக்கு அது கிடைக்கவில்லை!

இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, இங்கிலாந்தில் 1962-ல் ஒரு பந்தயப் பாணிக் கார் செய்தார்கள். அதுதான் டிரையம்ப் ஸ்பிட்பயர். இன்று உலகம் முழுவதும் ஆசையோடு வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பின்பக்க அமைப்பில் இரண்டும் அண்ணன் தம்பி. அண்ணனுக்கு வருகிற நோய் தம்பிக்கும் வரும்.

வண்டலூர் தொழிற்சாலை 1980-களின் கடைசியில் மூடப்பட்டது. அதனால்தான் சாமானுக்கு இத்தனை திண்டாட்டம்.

டிபரன்ஷியல் என்றால் என்ன?

நாலு பிள்ளைகள் வரிசையாகக் கைகோத்து நிற்கிறார்கள். அப்படியே வட்டமாகத் திரும்பச் சொல்லுங்கள். உள்ளே நிற்பவன் நின்ற இடத்திலேயே திரும்புவான். வெளி ஓரத்துப் பிள்ளை ஓட வேண்டும்.

கார் திரும்பும்போதும் இதே கதைதான். வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். மாட்டு வண்டியில் சக்கரங்கள் தனித்தனியே சுழலும். கவலை இல்லை. காரிலோ ஒரே என்ஜின் இரண்டு பின் சக்கரத்தையும் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவில் நின்று பங்கு பிரிக்கும் பல்சக்கரக் கூட்டமே டிபரன்ஷியல்.

என்ஜினில் இருந்து வரும் தண்டின் முனையில் சின்னப் பல்சக்கரம் ஒன்று உண்டு. அதன் பெயர் பினியன். அது சுழற்றும் பெரிய சக்கரம் கிரவுன். முதலில் வந்த ஸ்பிட்பயரில் பினியன் நாலு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். இரண்டும் ஒன்றோடொன்று உரசிப் பழகிய ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. மாற்றினால் புதுச் சத்தம் வரும்!

பெரியவர் வந்தார்

பழைய டாக்சிப் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். வயது 70-க்கு மேல். கையில் ஸ்பேனர் கூட இல்லை.

"பிரிக்கிறது கடைசி வேலை தம்பி. முதலில் ஓட்டிக் கேட்போம்" என்றார்.

பின் சீட்டில் உட்கார்ந்தார். நானும் ஏறிக்கொண்டேன். வண்டி ஒரகடம் சாலையில் போனது.

முதலில் டயருக்குக் காற்று அடிக்கச் சொன்னார். பிறகு தார் ரோட்டிலும் சிமெண்டு ரோட்டிலும் ஓட்டச் சொன்னார். ரோடு மாறும்போது சத்தம் மாறினால் குற்றவாளி டயர். மாறவில்லை.

அடுத்து, ஆள் இல்லாத நேர் ரோட்டில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளச் சொன்னார். என்ஜின் அடங்கியது. ஊளை அடங்கவில்லை. ஆகவே என்ஜின் தப்பித்தது.

மூன்றாவது சோதனைதான் முக்கியம். "ஆக்சிலேட்டரை மிதி. இப்போ விடு. மறுபடி மிதி!" கிரவுன் பினியன் தேய்ந்திருந்தால் மிதிக்கும்போது ஒரு ராகம், விடும்போது வேறு ராகம் என்று பாடும். பல்லின் ஒரு பக்கம் மிதிக்கும்போது அழுந்தும், மறு பக்கம் விடும்போது அழுந்தும். இங்கே இரண்டு வேளையும் ஒரே ஊளை!

பெரியவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "வலது பக்கம் வளைத்து ஓட்டு" என்றார். ஊளை பெரிதானது. இடது பக்கம் வளைத்தால் குறைந்தது.

வலது பக்கம் திரும்பினால் பாரம் இடது சக்கரத்தில் விழும். "இடது சக்கரத்துப் பேரிங் தம்பி. டிபரன்ஷியலைத் தொடாதே!"

வீட்டுக்கு வந்து ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். இடது சக்கரத்தைக் கையால் அசைத்தால் ஆடியது. சுற்றினால் கரகரத்தது. அதையும் அலட்சியமாக விட முடியாது. பேரிங் ஓட்டத்தில் நொறுங்கினால் சக்கரமே போய்விடும். அந்தக் காரில் மாப்பிள்ளையை உட்கார வைத்திருந்தால்? நினைக்கவே பயமாக இருந்தது.

ஆயில் சொன்ன சாட்சி

பெரியவர் அதோடு விடவில்லை. டிபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் எடுத்து இரண்டு விரலால் தேய்த்தார். வெள்ளிப் பொடி மாதிரி மின்னினால் உள்ளே இரும்பு தேய்கிறது என்று அர்த்தம். மின்னவில்லை. ஆனால் அளவு குறைந்திருந்தது. 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றினார். இந்தப் பற்கள் சுழல்வதோடு வழுக்கியும் ஓடுபவை. சாதாரண என்ஜின் ஆயில் தாங்காது.

இன்று இதே வட்டாரத்தில் கார்கள் கூட்டம் கூட்டமாகப் பிறக்கின்றன. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 1998 முதல் கார் வருகிறது. ஒரகடத்தில் 2012-ல் லாரித் தொழிற்சாலை திறந்தார்கள். லாரிக்குப் பின்பக்க டிபரன்ஷியல் இன்னும் உண்டு. சின்னக் கார்களிலோ முன் சக்கரமே இழுக்கிறது; டிபரன்ஷியல் கியர் பெட்டிக்குள் போய்விட்டது. பின் சீட்டில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கும் வேலை இளம் மெக்கானிக்குகளுக்கு வாய்ப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

அளவு பார்த்துத் தேடியதில் பேரிங் நாலே நாளில் கிடைத்தது. மாட்டி ஓட்டினோம். ஊளை இல்லை. ஆனால் வண்டி கிளம்பும்போது பின்னால் "டொக்" என்று ஒரு சின்னச் சத்தம்.

"அது என்ன?" என்று பதறினார் கல்யாணப் பெண்ணின் அப்பா.

பெரியவர் குனிந்து, நடுத் தண்டின் கிராஸ் இரண்டையும் திருகிப் பார்த்தார். அவை கெட்டியாக இருந்தன. "உள்ளே வாஷர் தேய்ந்திருக்கு. மெதுவா ஓட்டினால் தாங்கும். கல்யாணம் முடியட்டும், இறக்கி மாற்றலாம்" என்றார்.

தாத்தா அப்போதுதான் துணியைக் கீழே வைத்தார்.